வேகவைத்த கசடு, பழுப்பேறிய நீர்: பிரிஸ்பேன் நிலையம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கழிவுநீர்க் கசடை, காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் அதைச் செரித்து மீத்தேன் கேஸ் தரும் மூடிய தொட்டியான டைஜஸ்டருக்குள் விடும் முன் ஏதாவது ஒரு வகையில் பதப்படுத்தினால் கேஸ் கூடும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்ததுதான். எங்கே பேச்சு வந்தாலும் முதல் கேள்வி "எத்தனை சதவீதம் கூடும்?" என்றே இருக்கும். செரித்த கசடைப் பிழியும்போது வரும் தண்ணீர் என்ன ஆகிறது என்று கேட்பவர்கள் குறைவு. இங்கே நான் பதிவு செய்யும் நிகழ்வு முழுக்க அந்தத் தண்ணீரைச் சுற்றியே நடந்தது.

கேஸுக்காக ஒரு நிலையம் யோசித்து எடுத்த நல்ல முடிவு, அதே நிலையத்தின் மறுகோடியில் சிக்கலைக் கிளப்பியது. அதன் காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தார்கள். சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் அளவீடுகளை 2008இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சங்கடமான ஒரு விஷயத்தை எண்களோடு பொதுவில் வைத்ததற்கு நாம் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

## நிலையமும் அதன் நெருக்கடியும்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள பிரிஸ்பேன் நகரில் ஆக்ஸ்லி க்ரீக் என்றொரு ஓடை பிரிஸ்பேன் ஆற்றில் சேர்கிறது. ஆறு மோர்ட்டன் விரிகுடாவில் கலக்கிறது. அந்த ஓடையின் பெயர் கொண்ட சுத்திகரிப்பு நிலையத்தில், 2000களின் நடுப்பகுதியில், மற்ற நிலையங்களின் கசடையும் கொண்டுவந்து பதப்படுத்தும் பெரிய மையக் கூடம் ஒன்றை அமைத்தார்கள்.

மோர்ட்டன் விரிகுடா கடற்புல் வளரும் இடம். சுத்திகரித்த நீரில் நைட்ரஜன் அதிகம் எஞ்சினால் பாசி பெருகும், கடற்புல்லுக்கு வெளிச்சம் கிடைக்காது, அந்தப் புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா எனும் கடற்பசுக்களுக்கும் ஆமைகளுக்கும் அடி விழும். ஆகவே அப்பகுதி நிலையங்களுக்கு நைட்ரஜன் வரம்பு மிகக் கடுமையானது.

நைட்ரஜனை நீக்க வேண்டுமென்றால் நுண்ணுயிர்களைக் காற்றூட்டத் தொட்டியில் அதிக நாள் வைத்திருக்க வேண்டும். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் நுண்ணுயிர்களுக்குக் கார்பன் தேவை என்பதால், பல இடங்களில், வரும் கழிவின் கார்பனில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே படிய வைத்துப் பிரித்துவிடும் முதன்மைப் படிவுத் தொட்டியையே எடுத்துவிடுகிறார்கள். விளைவு, கேஸ் தரக்கூடிய சத்தான முதன்மைக் கசடு கிடைப்பதில்லை. மிஞ்சுவது வயதான நுண்ணுயிர்க் கசடு மட்டும். தன்னிடமிருந்த சத்தைத் தானே பாதி தின்று தீர்த்துவிட்ட கசடு அது. சாறு பிழிந்த கரும்புச் சக்கையை மறுபடி ஆலையில் கொடுப்பது மாதிரிதான், அதை அப்படியே டைஜஸ்டரில் போடுவது.

நீரைச் சுத்தமாக்க எவ்வளவு மெனக்கெடுகிறோமோ, கசடு அவ்வளவு செரிக்க அடம் பிடிக்கிறது. முன்பதப்படுத்தல் தேவைப்படுவது இதனால்தான்.

## வேகவைப்பது என்ற முடிவு

டைஜஸ்டருக்குள் வேலை படிப்படியாக நடக்கிறது. முதலில் பெரிய மூலக்கூறுகள் கரைந்து சிறியவையாக வேண்டும். அவை கொழுப்பு அமிலங்களாகி, அசிட்டிக் அமிலமாகி, கடைசியில் மீத்தேனாகின்றன. நுண்ணுயிர்க் கசடைப் பொறுத்தவரை முதல் படிதான் மெதுவானது. செல் சுவரும், செல்களைச் சுற்றி அவையே கட்டிக்கொண்ட பசைப் பொருளும் லேசில் உடையாது. காரம் சேர்ப்பது, ஓசோன் விடுவது, மீயொலியால் அதிர்வு கொடுப்பது, நொதிகளைக் கலப்பது எனப் பல வழிகள் இருக்கின்றன. பெரிய அளவில் நிலைத்துப் பரவியது நீராவி முறை. 1995இல் நார்வேயின் ஹாமர் நகரில் இம்முறையின் முதல் முழு அளவு நிலையம் ஓடத் தொடங்கியது. ஆக்ஸ்லி க்ரீக்கும் இதையே தேர்ந்தெடுத்தது.

முறை கிட்டத்தட்ட நம் வீட்டுக் குக்கர்தான். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, நூற்றுக்குப் பதினைந்து பதினாறு பங்கு திடப்பொருள் இருக்கும்படி கெட்டியாக்கிய கசடை முதலில் ஒரு கலத்தில் சூடேற்றுவார்கள். அப்புறம் அழுத்தக் கலத்தில் அடைத்து நீராவியைச் செலுத்தி அரை மணி நேரம் போல வைத்திருப்பார்கள். வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ் இருக்கும். இங்கே 165 டிகிரி. வளிமண்டலத்துக்கு மேல் ஆறு பார் அழுத்தம். நேரம் முடிந்ததும் அழுத்தம் குறைந்த கலத்துக்குள் திடீரெனத் திறந்துவிட, செல்லுக்குள் இருந்த சூடான நீர் ஆவியாகிச் செல்லை வெடிக்கச் செய்கிறது. எழும் ஆவியை வீணாக்காமல் முதல் கலத்துக்கே திருப்பி விடுகிறார்கள்.

உள்ளே போகும்போது களி மாதிரி மண்வெட்டியில் ஒட்டுகிற கசடு, வெளியே வரும்போது புளிக்கரைசல் மாதிரி ஓடும். அப்படி இளகுவதால் டைஜஸ்டருக்குக் கெட்டியாகவே ஊட்டலாம். வழக்கமாக நூற்றுக்கு நான்கைந்து பங்கு திடப்பொருள்தான் விடுவோம். வெந்த கசடை அதைப்போல் இரண்டு மடங்கு கெட்டியில் விட முடியும். அதனால் பாதித் தொட்டி போதும். நோய்க்கிருமி முழுக்கச் சாகும், பிழிந்த கசடு நன்றாக உலரும், லாரி நடை குறையும். மையக் கூடத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்தது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் சரியான முடிவுதான். இப்போதும் நான் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

## கண்ணில் பட்டது

கசடுப் பக்கம் நல்லபடி ஓடத் தொடங்கியபின் நீர்ப் பக்கத்தில் வித்தியாசம் தெரிந்தது. வெந்த கசடின் நீர் கறுப்பை ஒட்டிய பழுப்பு. டைஜஸ்டரில் செரித்தபின் பிழிந்தெடுத்த நீரிலும் அந்தப் பழுப்பு இருந்தது. எல்லா நிலையங்களிலும் போல அந்த நீர் மறுபடி நிலையத்தில் கழிவுநீர் நுழையும் தொடக்க இடத்துக்கே போய்ச் சேர்ந்து, காற்றூட்டத் தொட்டிகளைக் கடந்து வந்தது. வந்தபின்பும் நிறம் போகவில்லை. நுண்ணுயிர்கள் அதைத் தொடவே இல்லை.

நிறம் பார்வைக்கு அசிங்கம் என்பதோடு நின்றிருந்தால் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். வெளியேறும் நீரில் கிருமி நீக்குவது புற ஊதா விளக்குகளின் வேலை. 254 நானோமீட்டர் ஒளி நீருக்குள் ஊடுருவிக் கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைக்க வேண்டும். பழுப்புப் பொருள் அந்த ஒளியை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. விளக்கு எரியும், மின்சாரம் செலவாகும், ஆனால் கிருமிக்குப் போய்ச் சேர வேண்டிய அளவு சேராது. கிருமி நீக்கம் தோற்கும் நிலை வந்தது. கூடவே வெளியேறும் நீரில் நைட்ரஜனும் ஏறியது. அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ இருந்தால் காற்றூட்டலைக் கூட்டியோ கார்பன் சேர்த்தோ சமாளிக்கலாம். இது கரிமப் பொருளுக்குள் பிணைந்த நைட்ரஜன். நைட்ரஜனைக் குறைக்கப் பாடுபட்டதால் வயதேறிய கசடு, அதைச் செரிக்க வைக்கப் போட்ட குக்கர், அந்தக் குக்கரிலிருந்தே மறுபடி நைட்ரஜன்.

நிறத்தின் அளவையும் பார்த்துவிடலாம். நீரின் நிறத்தைப் பிளாட்டினம்-கோபால்ட் அலகில் சொல்வார்கள், ஹேசன் என்பதும் அதுவே. இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 5, வேறு வழியில்லாதபோது 15. ஆக்ஸ்லி க்ரீக்கில் 165 டிகிரியில் வெந்து வந்த திரவத்தில் அளந்தது 12,677. கட்டங்காப்பி நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் மொத்த நீரோடு கலக்கும்போது அது பல மடங்கு நீர்த்துப்போகும். இருந்தாலும், ஒரு குடம் தண்ணீரில் ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். தவிர இந்த நிலையம் ஊர்க் கசடையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்தது. பல நிலையங்களில் பிரிந்து போயிருக்க வேண்டிய பிழிநீர் முழுவதும் ஒரே நிலையத்தின் தலையில் விழுந்தது. மையக் கூடங்களின் இந்தப் பலவீனத்தைத் திட்டக் கட்டத்தில் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

## பழுப்பு எங்கிருந்து வந்தது

ஆய்வுக் குழு அந்தப் பழுப்பைப் பகுத்துப் பார்த்து, மெலனாய்டின் என்று உறுதி செய்தது. தோசைக்கல்லில் மாவின் அடி முறுகலாகிப் பொன்னிறமாவதும் இந்த வினைதான். சர்க்கரையும் புரதத்தின் அமினோ பகுதியும் சூட்டில் சேர்ந்து, சங்கிலி சங்கிலியாகப் பின்னிப் பழுப்பு மூலக்கூறுகளாகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் பெயரால் மயார் வினை என்கிறோம். நுண்ணுயிர்க் கசடில் புரதம் நிறைய, மாவுச்சத்து வகையும் போதிய அளவு. செல்லை உடைத்து இரண்டையும் வெளியே கொட்டி, 165 டிகிரியில் அரை மணி நேரம் சேர்த்து வைத்தால் வேறென்ன நடக்கும்?

மொலாசஸிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைகளின் கழிவுநீரைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் பழக்கப்பட்டது. அங்கேயும் பழுப்புக்கு முக்கியக் காரணம் மெலனாய்டின்தான். டைஜஸ்டர் போட்டு, காற்றூட்டித் தொட்டி தொட்டியாகத் தாண்டி வந்தாலும் நிறம் போகாமல் நிற்பது அதனால்தான். உயிரியல் முறைக்கு அது மசியாது.

பழைய அனுபவமும் இதையே சொல்லியிருந்தது. கசடு நன்றாகப் பிழிபட வேண்டும் என்பதற்காக 200 டிகிரிவரை சூடேற்றிய பழைய தலைமுறை ஆலைகள் பல, நாற்றத்தாலும் திரும்பி வந்த பிழிநீரின் கடுமையாலும் மூடப்பட்டன. வெப்பநிலை இறங்கியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். குறைந்தது, ஆனால் தீரவில்லை.

## எங்கே கை வைப்பது

வழிகள் மூன்று இருந்தன.

ஒன்று, கடைசியில் சுத்தம் செய்வது. படிகாரம் போட்டுப் படிய வைப்பதையும், புற ஊதா ஒளியோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துச் சிதைப்பதையும் இதே குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள். பெராக்சைடு முறையில் நிறம் ஏறக்குறைய முழுவதும் போனது. ஆனால் கரைந்த கரிம நைட்ரஜனில் கால் பங்கு போலத்தான் குறைந்தது. கண்ணுக்குத் தெளிந்த நீர், விரிகுடாவுக்கு இன்னும் பாரம்தான். தினமும் ரசாயனம் வாங்குகிற செலவு தனி.

இரண்டாவது, விளக்குகளைக் கூட்டுவது. அதைச் செய்தாலும் நைட்ரஜன் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, பழுப்பு உருவாகும் இடத்திலேயே தடுப்பது. மயார் வினையின் வேகம் சூட்டோடு வேகமாக ஏறும். அப்படியானால் குக்கரின் சூட்டைக் குறைக்கலாமே? சொல்ல எளிது, ஆனால் இதில் பயம் ஒன்று இருந்தது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த முன்னோடி ஆய்வு, நுண்ணுயிர்க் கசடுக்கு 175 டிகிரி அளவில் மீத்தேன் உச்சம் தொடும் என்று காட்டியிருந்தது. 165 டிகிரி அந்த உச்சத்தை ஒட்டியது. 25 டிகிரி இறக்கினால் கேஸ் விழுந்துவிடும், இத்தனை பணம் போட்டதன் பலனே போய்விடும் என்பது எவருக்கும் வரக்கூடிய நியாயமான சந்தேகம்.

சந்தேகத்தை வாதத்தால் தீர்க்காமல் அளந்து தீர்க்க முடிவு செய்தார்கள். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

## சோதனையும் விடையும்

சூட்டை 165 டிகிரியிலிருந்து 140 டிகிரிக்கு இறக்கினார்கள். நீராவி அட்டவணைப்படி ஆறு பார் அழுத்தம் சுமார் 2.6 பாராகிவிடும். வெந்து வந்த கசடு எவ்வளவு செரிக்கும் என்று பார்க்க மீத்தேன் திறன் சோதனை உண்டு. ஓடுகிற டைஜஸ்டரிலிருந்து எடுத்த கசடு விதையாக, கூடவே அளந்த அளவு மாதிரி. குப்பியை ரப்பர் மூடியால் இறுக்கி, உள்ளிருக்கும் காற்றை நீக்கி, 37 டிகிரி அளவில் வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். சேரும் கேஸை அவ்வப்போது அளந்து, அதில் மீத்தேன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். விதை மட்டும் உள்ள குப்பியும் ஒன்று கட்டாயம். அதன் கேஸைக் கழிக்காவிட்டால் மாதிரிக்கு இல்லாத பெருமை வந்து சேரும். பொறுமை கேட்கிற சோதனை, ஆனால் விலை மலிவு.

விடை தெளிவாக வந்தது. நிறம் 12,677 இலிருந்து 3,837 ஆனது. பத்தில் ஏழு பங்கு போய்விட்டது. செரிமானத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. கசடின் சி.ஓ.டி.யில் (கரிமப் பொருளை, அதை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனால் அளக்கும் எண்) 43 சதவீதம் மீத்தேனாக மாறியது. கரையும் வேகம் நாளொன்றுக்கு 0.19, அதாவது செரிக்கக்கூடியதில் மிஞ்சியிருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஒரு நாளில் கரையும். வேகமும் அளவும் இரண்டு சூட்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

அதாவது செல்லை உடைக்க 140 டிகிரி போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் ஏற்றிய 25 டிகிரி கேஸுக்கு உதவாமல் பழுப்பை மட்டும் வளர்த்திருக்கிறது.

## நான் போட்டுப் பார்த்த கணக்கு

இந்த எண்களை வைத்து ஒரு பொறியாளர் செய்யக்கூடிய கணக்கு இரண்டைச் சொல்லிவிடுகிறேன். இவை என் கணக்கு, நிலையத்தின் அளவீடு அல்ல.

கசடைத் தண்ணீராகவே எடுத்துக்கொண்டால், ஒரு டன்னை 25 டிகிரி கூடுதலாகச் சூடேற்ற சுமார் 29 யூனிட் வெப்பம் வேண்டும். மீத்தேனாகச் சொன்னால் ஏறத்தாழ மூன்று கன மீட்டர். 16 சதவீதம் திடம், அதில் முக்கால் பங்கு கரிமப் பொருள் என்று வைத்தால், 43 சதவீத மாற்றத்தில் அந்த டன் தரும் மீத்தேன் சுமார் 25 கன மீட்டர். ஆவியில் ஒரு பங்கைத் திருப்பி எடுப்பதால் உண்மையான மிச்சம் மூன்று கன மீட்டரைவிடக் குறைவாகவே இருக்கும். எஞ்சின் புகைவெப்பத்திலேயே நீராவி கிடைக்கிற இடத்தில் இன்னும் குறையும். கொதிகலனில் கேஸை எரிக்கும் இடத்தில் இந்த மிச்சம் கையில் தெரியும்.

0.19 என்ற வேகம் தொட்டியின் அளவைத் தீர்மானிக்க உதவும். நன்றாகக் கலக்கப்படும் டைஜஸ்டரில் கசடு 15 நாள் தங்கினால், செரிக்கக்கூடியதில் ஏறத்தாழ 74 சதவீதம் கரைந்திருக்கும். 20 நாள் தங்கினால் 79. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தொட்டி கட்டினால் ஐந்து சதவீதப் புள்ளிதான் மிஞ்சுகிறது. அந்தப் பணத்தைப் பிழிநீருக்குச் செலவிடுவது மேல் என்பேன்.

## தீராமல் நின்றவை

3,837 என்பதும் சின்ன எண் இல்லை. பழுப்பு குறைந்தது, ஒழியவில்லை. எவ்வளவு நீரோடு கலக்கிறது, விளக்குகளின் வடிவமைப்பில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஒரு நிலையத்துக்குப் பொறுக்கும், இன்னொன்றுக்குப் பொறுக்காது.

அம்மோனியா வேறு கதை. புரதம் எவ்வளவு செரிக்கிறதோ அவ்வளவு அம்மோனியா வெளிவரும். கெட்டியாக ஊட்டும் டைஜஸ்டரில் அது செறிந்தும் இருக்கும். சூட்டைக் குறைத்ததால் இது மாறாது, ஏனென்றால் செரிமானம் குறையவில்லை. பிழிநீரின் அம்மோனியாவைத் தனியே நீக்கும் தொட்டி இந்த முறையோடு சேர்ந்தே வர வேண்டிய ஒன்று.

பிழிபடும் தன்மையையும் மறக்கக் கூடாது. கசடு உலர்வாகப் பிழிபடுவதில் சூட்டுக்குப் பங்கு உண்டு. கேஸ் குறையவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சூட்டை இறக்கிவிட்டு, பிழிந்த கசடின் ஈரத்தையும் பிழிய உதவக் கலக்கும் பாலிமரின் செலவையும் பார்க்காமல் விட்டால், மிச்சம் பிடித்ததை லாரி வாடகையில் விட்டுவிடுவோம்.

## இன்னொரு முறை செய்தால்

முதலில் மாற்ற வேண்டியது வரிசை. மீத்தேன் திறன் சோதனையை 120, 140, 165 என மூன்று நான்கு சூட்டில் திட்டக் கட்டத்திலேயே செய்துவிடலாம். அதே குப்பிகளின் நீரில் நிறம், 254 நானோமீட்டர் ஒளி ஊடுருவல், கரைந்த கரிம நைட்ரஜன் மூன்றையும் அளக்க ஒரு நாள் வேலைகூட ஆகாது. இந்த மூன்றையும் கேஸ் எண்ணோடு ஒரே அட்டவணையில் எழுதினால், ஒப்பந்தத்தில் எந்தச் சூடு என்று கேட்கும்போது கையில் விடை இருக்கும். கொதிகலனையும் கலத்தையும் 165 டிகிரி தாங்கும்படி வாங்கிவிட்டு, 140இல் தொடங்கி, தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்ளலாம். இறக்குவதற்கு இடம் விடாத ஒப்பந்தம்தான் ஆபத்து.

இரண்டாவது, பொதுவான எண்ணை நம்பாமல் சொந்தக் கசடைச் சோதிப்பது. 140க்கும் 165க்கும் வித்தியாசமில்லை என்பது அந்த நிலையத்தின் வயதான கசடில் கிடைத்த விடை. முதன்மைக் கசடு நிறையக் கலந்திருந்தால், முன்பதப்படுத்தலால் வரும் லாபமே சிறுக்கும். ஏனென்றால் அந்தக் கசடு வேகவைக்காமலே நன்றாகச் செரிக்கும். அங்கே நுண்ணுயிர்க் கசடை மட்டும் வேகவைத்து, முதன்மைக் கசடை நேராக டைஜஸ்டருக்கு விடும் ஏற்பாட்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் டைஜஸ்டர் கேஸில் மின்சாரம் எடுக்கிறோம். அதைக் கூட்ட வேகவைக்கும் முறை நாளை பேச்சுக்கு வரலாம், வரவும் வேண்டும். ஆனால் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சுத்திகரித்த நீரை நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) சவ்வுகளில் செலுத்தி, தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள் இருக்கின்றன. பிரிஸ்பேனில் பழுப்பு போய் முட்டியது விளக்குகளில். இங்கே அது போய் முட்டுவது சவ்வுகளில். உயிரியல் தொட்டிகளைத் தாண்டி வரும் கரிமப் பொருள் சவ்வில் படிந்தால் அழுத்தம் ஏறும், கழுவும் தடவை கூடும், சவ்வு சீக்கிரம் மாறும். ஆகவே இங்கே சோதனை செய்பவர்கள் குப்பியிலிருந்து எடுக்கும் பிழிநீரை, அந்த நிலையத்தின் உண்மையான விகிதத்தில் சுத்திகரித்த நீரோடு கலந்து, ஒரு சிறு சவ்வுத் துண்டில் சில வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேஸ் அளவீட்டுக்கு ஒதுக்கும் பணத்தோடு இதற்கான பணத்தையும் முதல் நாளே சேர்த்துக் கேட்க வேண்டும், பின்னால் கேட்டால் கிடைக்காது.